நெய்யூரில் தொடங்கிய உதவியாளர் பயிற்சி

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்கோடியாக இருந்த காலத்தில், லண்டன் மிஷனரி சங்கத்தின் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838இல் நெய்யூரில் தொடங்கிய சிகிச்சைப் பணி, பின்வந்தோர் கையில் பெரிய மருத்துவமனையாக வளர்ந்தது. 1861இல் அங்கு வந்த ஜான் லோ செய்தது அதனினும் முக்கியமானது: ஐரோப்பிய மருத்துவர் ஒருவரால் சுற்றுவட்டார நோயாளிகள் அனைவரையும் பார்க்க இயலாது என்பதால், உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பித்துக் கிளை மருந்தகங்களுக்கு அனுப்பும் முறைக்கு அவர் வழிவகுத்தார். பல் மருத்துவம் தனித்துறையாகப் பிரியாத அந்நாளில், பல் பிடுங்குவதும் பொது மருத்துவத்தின் சில்லறை வேலைகளுள் ஒன்றே.

பல் மருத்துவ உதவியாளர் என்னும் தனித்தொழில் பிற்காலத்தது. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் எட்மண்ட் கெல்ஸ் 1885இல் ஒரு பெண்ணைப் பணிக்கு அமர்த்தியதை அதன் தொடக்கமாகக் கூறுவர். இந்தியாவின் 1948ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டம், பற்களைச் சுத்தம் செய்யும் சுகாதாரப் பணியாளரையும் செயற்கைப் பல் செய்யும் பல் மெக்கானிக்கையும் பதிவுக்கு உட்படுத்தியபோதும், நாற்காலியருகே அமர்ந்து கருவி எடுத்துக்கொடுப்பவரைக் கண்டுகொள்ளவில்லை. ஆகவே, கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரத்தில் பல் மருத்துவக் கல்லூரியே அமைந்துவிட்ட பின்னரும், உதவியாளர் பலர் இத்தொழிலைக் கிளினிக்கிலேயே பழகுகின்றனர்: மருத்துவருக்கு எதிர்ப்புறம் அமர்ந்து, வலக்கையில் உமிழ்நீர் உறிஞ்சும் குழாயைப் பிடித்தபடியே இடக்கையால் கருவிகளை மாற்றித்தரும் இம்முறைக்கு ‘நான்கு கைப் பல் மருத்துவம்’ என்று பெயர்.