புது ஜன்னல் வழியா மழைத்தண்ணி கசிவது ஏன்? பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை என்னென்ன? - முழு விளக்கம்

வீடு கட்டி, பெயின்ட் அடித்து, பால் காய்ச்சி குடியேறியாச்சு. ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பெய்கிறது. ஐந்தாம் நாள் காலையில் பார்த்தால், ஜன்னலுக்குக் கீழே சுவரில் ஈரத் திட்டு. அடுத்த மழைக்குள் பெயின்ட் உப்பி, பூச்சு உதிர ஆரம்பிக்கிறது.

"ஜன்னல் சரியில்லை" என்று பலரும் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார்கள். ஆனால் பெரும்பாலும் கசிவது ஜன்னல் அல்ல. ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் விரல் அகல இடைவெளிதான் கசிகிறது. பொருத்தும் நாளில் அந்த இடைவெளியைக் கவனித்தால் போதும், பிறகு பல வருஷ செலவு மிச்சம்.

புதுக்கோட்டை மாவட்டம் கொடும்பாளூர் போன்ற ஊர்களில் இதற்கு முன்னாலேயே இன்னொரு கேள்வி வருகிறது: சொந்த வீட்டில் ஒரு ஜன்னல் திறக்க அனுமதி வாங்கணுமா? அதிலிருந்தே தொடங்குவோம்.

கொடும்பாளூரில் ஜன்னல் வைக்க அனுமதி எதுக்கு?

திருச்சி - மதுரை சாலையில் விராலிமலைக்கு அருகே இருக்கும் ஊர் கொடும்பாளூர். இருக்குவேள் மரபைச் சேர்ந்த பூதி விக்கிரமகேசரி கட்டிய மூவர் கோயில் இங்கேதான் இருக்கிறது. வரிசையாக நின்ற மூன்று கோயில்களில் இன்று இரண்டுதான் முழுசாக நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டுமே மிச்சம். இது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம்.

இப்படிப்பட்ட இடங்களைச் சுற்றி வீடு வைத்திருப்பவர்களுக்கு 1958ஆம் ஆண்டின் நினைவுச்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டமும், 2010இல் அதில் செய்யப்பட்ட திருத்தமும் பொருந்தும். அதன்படி:

• பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி. இங்கே தனியார் புதுக் கட்டடம் கட்ட முடியாது. ஏற்கெனவே முறைப்படி இருக்கும் வீட்டில் பழுதுபார்க்கவோ, புதுப்பிக்கவோ வேண்டுமானால் அனுமதி வாங்க வேண்டும்.

• அதற்கு அடுத்த 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. இங்கே புதுசா கட்டினாலும், பழசை மாற்றினாலும் முன் அனுமதி தேவை.

இருக்கும் கட்டடத்தில் செய்யும் மாற்றத்தையும் "பழுதுபார்ப்பு, புதுப்பிப்பு" என்றே சட்டம் சொல்கிறது. அதனால் சுவரை உடைத்து புது ஜன்னல் திறப்பது அதற்குள் வந்துவிடும். பழைய ஜன்னலைக் கழற்றி அதே அளவில் மாற்றுவதாக இருந்தாலும், வேலையைத் தொடங்கும் முன் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. அனுமதி இல்லாமல் கட்டினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க முடியும்.

விண்ணப்பம் தகுதி பெற்ற அதிகாரியிடம் போகும். அவர் 15 நாளில் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையத்துக்கு 2 மாதம், அதன்பின் அதிகாரி முடிவு சொல்ல 1 மாதம் என்று சட்டத்தில் காலக்கெடு இருக்கிறது. ஆக மொத்தம் மூன்றரை மாதம். மழைக்கு முன் வேலை முடிய வேண்டுமானால் கோடையிலேயே விண்ணப்பிக்கணும். அனுமதி கைக்கு வருவதற்கு முன் ஜன்னலுக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

300 மீட்டருக்கு வெளியே இருக்கும் வீடுகளுக்கு இந்தச் சட்டம் தடையில்லை. வழக்கமான கட்டட அனுமதி விதிகள் மட்டும் பொருந்தும். இனி சொல்லப்போவது எல்லா வீட்டுக்கும் பொது.

ஜன்னல் எவ்வளவு பெரிசா இருக்கணும்?

தேசிய கட்டட விதித்தொகுப்பில் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. வெப்பமும் ஈரப்பதமும் உள்ள பகுதியில், அறையின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது ஜன்னல் திறப்பு வேண்டும். வறண்ட வெப்பப் பகுதிக்கு பத்தில் ஒரு பங்கு. சட்டத்தையும் சேர்த்து அளக்கலாம், கதவைச் சேர்க்கக் கூடாது.

12 அடிக்கு 10 அடி அறை என்றால் தரைப்பரப்பு 120 சதுர அடி. அதில் ஆறில் ஒரு பங்கு 20 சதுர அடி. 5 அடி அகலம், 4 அடி உயரத்தில் ஒரே ஜன்னல் வைக்கலாம். அதையே இரண்டாகப் பிரித்து எதிரெதிர் சுவரில் வைத்தால் காற்று உள்ளே வந்து வெளியே போகும். ஒரே சுவரில் பெரிய ஜன்னல் வைப்பதை விட இது மேல்.

எந்தத் திசை என்பதும் முக்கியம். வடகிழக்குப் பருவமழையில் வடக்கு, கிழக்கு பார்த்த சுவர்கள்தான் அதிகம் நனையும். மேற்கு பார்த்த ஜன்னலில் மாலை வெயில் நேராக உள்ளே இறங்கும்.

மேலே லிண்டல், அதுக்கு மேலே சன்ஷேட்

ஜன்னல் திறப்புக்கு மேலே உள்ள சுவரின் பாரத்தைத் தாங்குவது லிண்டல். அது திறப்பின் இரண்டு பக்கமும் சுவர் மேல் குறைந்தது அரை அடியாவது உட்கார்ந்திருக்க வேண்டும். ஜன்னல் சட்டம் பாரம் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது இல்லை. லிண்டல் தொய்ந்தால் ஜன்னல் இறுகி, திறக்கவே வராது.

சன்ஷேட் மேல்பக்கம் வெளிப்புறமாகச் சரிய வேண்டும். அடிப்பக்கத்தில், வெளி ஓரத்தை ஒட்டி ஒரு சின்னப் பள்ளக் கோடு போடச் சொல்லுங்கள். அந்தக் கோடு இல்லையென்றால் தண்ணீர் சன்ஷேட்டின் அடியிலேயே ஒட்டிக்கொண்டு ஓடி சுவருக்கு வந்துவிடும். கோடு இருந்தால் அங்கேயே சொட்டிவிடும். செலவு என்று பார்த்தால் ஒன்றுமில்லை, பூசும்போது சொன்னால் போதும்.

மரமா, அலுமினியமா, யு.பி.வி.சி.யா?

எது நல்லது என்பதை விட, எதை எப்போது வைக்கணும் என்பதில்தான் தவறு நடக்கிறது.

மர நிலை: நம் ஊரில் சுவர் எழும்போதே நிலையை நிறுத்தி, இரண்டு பக்கமும் இரும்புக் கிளாம்பு அடித்து, கிளாம்பைச் சுற்றி கான்கிரீட் போட்டு கட்டுவது வழக்கம். சுவரைத் தொடும் பக்கத்தில் முன்கூட்டியே பிரைமர் அல்லது தார் பூச வேண்டும். இல்லையென்றால் அந்தப் பக்கமாக ஈரமும் கறையானும் ஏறும். நிலையை வைத்தபிறகு அந்தப் பக்கத்துக்குக் கை போகாது.

இரும்பு, அலுமினியம்: இதற்கு இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 1081 என்ற நடைமுறை விதி இருக்கிறது. சுவர் கட்டும்போதே உள்ளே வைத்துக் கட்டக் கூடாது, திறப்பைத் தயார் செய்துவிட்டு பிறகு பொருத்த வேண்டும் என்பது முறை. ஈரமான சிமெண்ட் அலுமினியத்தில் பட்டால் அரித்து கறையாகிவிடும். பூச்சு வேலைக்குப் பிறகு பொருத்துவதுதான் சரி.

யு.பி.வி.சி.: இதுவும் பூச்சு முடிந்தபிறகுதான். கறையான், துரு தொல்லை இல்லை. ஆனால் வெயிலில் விரிந்து சுருங்கும் என்பதால் சட்டத்தைச் சுற்றி இடைவெளி கட்டாயம் வேண்டும்.

அளவு எடுப்பது எப்படி?

பூச்சு முடிந்தபின் அளவெடுக்கணும். அகலத்தை மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும். உயரத்தையும் இடம், நடு, வலம் என்று மூன்று இடத்தில். இரண்டிலும் ஆகக் குறைந்த அளவைத்தான் எடுத்துக்கொள்ளணும். அதிலிருந்து சுற்றிலும் 5 முதல் 10 மில்லிமீட்டர் விட்டுத்தான் ஜன்னல் செய்ய வேண்டும்.

பிறகு மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு அளவு. இரண்டும் ஒன்றாக வந்தால் திறப்பு சதுரமாக இருக்கிறது. வித்தியாசம் வந்தால் திறப்பு கோணல். அதை ஜன்னல் வரும் முன்னாலேயே கொத்தனாரை வைத்துச் சரி செய்யணும்.

டஃபன்டு கண்ணாடி போடுபவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். அந்தக் கண்ணாடியைத் தயாரித்தபின் வெட்ட முடியாது. அளவு தப்பினால் புதுசுதான்.

பொருத்தும் நாளில் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய 6 விஷயங்கள்

1. மட்டம்: ரசமட்டத்தை அடிச்சட்டத்தில் படுக்க வைத்தும், பக்கச் சட்டத்தில் நிறுத்தியும் பார்க்கச் சொல்லுங்கள். சட்டம் முன்னாலோ பின்னாலோ சாயாமல் இருக்கிறதா என்பதற்குத் தூக்குக்குண்டு. "பூச்சுல சரி பண்ணிடலாம் சார்" என்றால் ஒத்துக்கொள்ள வேண்டாம். பூச்சு கோணலை மறைக்கும், திருத்தாது.

2. முட்டு: சட்டத்துக்கு அடியில் பிளாஸ்டிக் துண்டு வைத்து மட்டம் செய்ய வேண்டும். மரச் சில்லு, அட்டை வேண்டாம். நனைந்தால் ஊறி, பிறகு சுருங்கிவிடும்.

3. திருகு: மூலையிலிருந்து சுமார் 6 முதல் 8 அங்குலத்தில் முதல் திருகு, பிறகு 2 அடிக்குள் ஒன்று என்பது பொதுவான முறை. நிறுவனத்தின் குறிப்பில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றணும். திருகு பூச்சில் மட்டும் நிற்காமல் செங்கல் அல்லது கான்கிரீட்டில் இறங்க வேண்டும். ஹாலோ பிளாக் சுவர் என்றால் அதற்கு ஏற்ற திருகு கேளுங்கள்.

4. ஃபோம்: இடைவெளியில் அடிக்கும் ஃபோம் ஊதிப் பெருகும். அளவுக்கு மீறினால் சட்டத்தையே உள்ளே வளைத்துவிடும். ஃபோம் மட்டும் மழையைத் தடுக்காது. அது இடத்தை நிரப்பத்தான்.

5. சீலன்ட்: மழையைத் தடுப்பது வெளிப்பக்கம் போடும் சிலிக்கான் போன்ற சீலன்ட்தான். தூசியைத் துடைத்து, சுவர் காய்ந்திருக்கும்போது சுற்றிலும் விட்டுப்போகாமல் போட வேண்டும். தூசி மேல் போட்டால் ஒரே வருஷத்தில் நாடா மாதிரி உரிந்து வரும்.

6. வடிகால் துளை: நகரும் ஜன்னலின் அடிச்சட்டத்தில் வெளிப்பக்கம் சின்னத் துளைகள் இருக்கும். உள்ளே புகும் மழைத்தண்ணீர் வெளியேற அதுதான் வழி. ஓட்டை என்று நினைத்து அதை சிலிக்கானால் அடைத்துவிடுகிறார்கள். அடைத்தால் அந்தத் தண்ணீர் வீட்டுக்குள்தான் வரும்.

கீழ்ப்பகுதியை மறக்காதீங்க

ஜன்னலுக்கு அடியில் போடும் கிரானைட் அல்லது சிமெண்ட் பலகை வெளிப்பக்கம் சரிய வேண்டும். நாலு அங்குல அகலத்துக்கு அரை அங்குலம் சரிந்தால் தண்ணீர் தேங்காது. பலகை சுவரை விட்டு ஓரங்குலமாவது வெளியே நீட்டி, அடியில் சன்ஷேட் மாதிரியே ஒரு கோடு இருக்க வேண்டும்.

இதெல்லாம் சாதாரண மழைக்கே தேவை. புயல் என்றால் இன்னும் அதிகம். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா, புதுக்கோட்டை மாவட்டத்தையும் புரட்டிப் போட்டது. அந்த மாதிரி காற்றில் மழை மேலிருந்து விழுவதில்லை, பக்கவாட்டில் அடிக்கிறது. சன்ஷேட் உதவாது. சீலன்டும் திருகும்தான் தாங்க வேண்டும்.

பழைய சுவரை உடைத்து ஜன்னல் வைக்கலாமா?

தூண் இல்லாமல் சுவரே கூரையைத் தாங்கும் வீடாக இருந்தால், பொறியாளர் பார்க்காமல் சுவரில் கை வைக்க வேண்டாம். முதலில் கூரைக்கு முட்டுக் கொடுத்து, மேலே லிண்டலைப் போட்டு, அது இறுகிய பிறகுதான் கீழே உடைக்க வேண்டும். சுவர் மூலையை ஒட்டித் திறப்பதையும் தவிர்க்கணும். தூண், பீம் இருக்கும் வீட்டிலும் அவற்றை வெட்டக் கூடாது.

கிரில் போட்டாச்சு, தீ பிடித்தால்?

திருட்டு பயத்தில் எல்லா ஜன்னலுக்கும் நிலையான கம்பி போட்டுவிடுகிறோம். வாசல் பக்கம் தீ பிடித்தால் வெளியே வர வழியில்லை. படுக்கை அறையில் ஒரு கிரில்லையாவது உள்ளிருந்து திறக்கிற மாதிரி அமையுங்கள். சாவி எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கணும். மாடி ஜன்னல்களில் குழந்தை நுழையாத அளவுக்குக் கம்பி நெருக்கமாக இருக்க வேண்டும். கட்டிலையோ நாற்காலியையோ ஜன்னலை ஒட்டிப் போட வேண்டாம்.

பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை

சீலன்ட் காய்ந்தபின், ஒருவர் வெளியே ஹோஸ் பைப்போடு நிற்கட்டும். இன்னொருவர் உள்ளே டார்ச்சோடு. முதலில் ஜன்னலின் அடிப்பகுதியில் தண்ணீர் அடிக்கணும். பிறகு பக்கங்கள், கடைசியாக மேல் பகுதி. ஒவ்வொரு இடத்திலும் சில நிமிஷம். எந்த இடத்துக்கு அடிக்கும்போது உள்ளே ஈரம் தெரிகிறதோ, கோளாறு அங்கேதான். மேலிருந்து ஆரம்பித்தால் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. தண்ணீர் அடிக்கும் முன் ஜன்னல் அருகே உள்ள சுவிட்சுகளுக்கு மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள்.

தமிழக அரசின் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் தரப்படுகிறது, வீட்டின் பரப்பு 360 சதுர அடி. அந்த அளவு வீட்டில் ஒரு சுவர் ஈரமானால் ஒதுங்கிப் படுக்க வேறு அறை இருக்காது. கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். கசிந்தால் அன்றைக்கே ஆள் கையில் இருக்கிறார். பணம் கொடுத்தபிறகு அடுத்த ஐப்பசியில்தான் தெரியவரும், அப்போது போன் எடுக்க ஆள் இருக்காது.