புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி (பிரிட்டன்)

புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி என்பது, கட்டடங்களின் புகைபோக்கிகள் புகை கக்கக் கூடாது என்று பிரிட்டனின் உள்ளாட்சி மன்றம் அறிவிக்கும் நிலப்பரப்பு. அது சில தெருக்களாகவும் இருக்கலாம். நகரம் முழுவதுமாகவும் இருக்கலாம். அங்கே புகையற்றதென ஏற்கப்பட்ட எரிபொருளையோ, விலக்குப் பெற்ற அடுப்பையோதான் பயன்படுத்த முடியும். இந்த ஏற்பாட்டை நாடு முழுவதற்கும் பொதுவாக்கியது 1956ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம்.

தொடக்க முயற்சிகள்

லண்டனில் நிலக்கரி எரிப்பதற்கு 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே முதலாம் எட்வர்ட் மன்னர் தடை விதித்தார். விறகு அருகி நிலக்கரி மலிந்தபின் தடை ஏட்டளவில் நின்றது. புகையின் கேடுகளை விளக்கி ஜான் ஈவ்லின் 1661இல் எழுதிய நூலும் சட்டமாக உருப்பெறவில்லை.

1875ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் ‘கரும்புகை’ விடுவதைக் குற்றமாக்கியது. ஆனால் குடியிருப்பு வீடுகளுக்கு விலக்கு அளித்தது. ஆலை முதலாளிகளோ, தங்கள் புகை கறுப்பல்ல, பழுப்பு என்று வாதாடித் தப்பினர். பிரெஞ்சுப் பேராசிரியர் மாக்சிமிலியன் ரிங்கெல்மான் 1888இல் வகுத்த அட்டை, புகையின் அடர்த்தியைக் கண்ணால் ஒப்பிட்டு மதிப்பிட வழிசெய்தது. வெள்ளைக்கு 0, முழுக் கறுப்புக்கு 5 என்பது அதன் அளவுகோல். 1926ஆம் ஆண்டுச் சட்டம் புகை என்பதில் சாம்பலையும் தூசித் துகள்களையும் சேர்த்தது. நிறம், அடர்த்தி குறித்துத் துணைவிதிகள் இயற்றும் அதிகாரத்தை உள்ளாட்சிகளுக்கு வழங்கியது. அப்போதும் வீட்டுக் கணப்பு தப்பியது.

வட்டார முன்னோடிகள்

அந்த விலக்கை உடைத்தவை நகரங்களே. தனிச் சட்டங்களின் மூலம் அதிகாரம் பெற்று, கோவென்ட்ரி 1951இலும் மான்செஸ்டர் 1952இலும் தங்கள் மையப் பகுதிகளில் புகையற்ற வட்டாரங்களை நடைமுறைப்படுத்தின.

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனைப் புகைமூடுபனி சூழ்ந்தது. குளிரில் வீடுதோறும் கணப்பு எரிய, காற்று அசையாமல் நின்றது. மேலே வெப்பமான காற்றடுக்கு மூடியதால் புகை தரையோடு தங்கியது. சுமார் 4,000 பேர் கூடுதலாக இறந்ததாக அன்று கணக்கிடப்பட்டது. பிற்கால ஆய்வு ஒன்று ஏறத்தாழ 12,000 என மதிப்பிட்டது. ஹியூ பீவர் தலைமையில் 1953இல் அமைந்த குழு, ஆலைகளோடு வீடுகளையும் கட்டுப்படுத்த வேண்டும் என்று 1954இல் பரிந்துரைத்தது.

1956க்குப் பின்

புதிய சட்டம் ரிங்கெல்மான் அட்டையின் 2ஆம் நிலையையும் அதற்கு மேற்பட்டதையும் ‘இருண்ட புகை’ என வரையறுத்தது. பெரிய உலைகளில் தூசி பிடிக்கும் கருவியைக் கட்டாயமாக்கியது. கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய வீட்டுக் கணப்பை மாற்றும் நியாயமான செலவில் பத்தில் ஏழு பங்கைப் பொதுநிதி ஏற்றது. வீட்டுக்குள் சட்டம் நுழைய முடிந்ததற்கு இந்த உதவி முக்கியக் காரணம். சுரங்கத் தொழிலாளர்கள் சலுகை நிலக்கரி பெற்றுவந்த ஊர்கள் தயங்கின. எனவே, பின்தங்கும் மன்றங்களைக் கட்டாயப்படுத்தும் அதிகாரத்தை 1968ஆம் ஆண்டுச் சட்டம் அமைச்சருக்கு அளித்தது. உலைகள் வெளிவிடும் துகளுக்கு 1971இல் அளவு வரம்புகள் வந்தன. அதே காலத்தில் வடகடல் எரிவாயு வீடுகளை எட்டியதும் மாற்றத்தை விரைவுபடுத்தியது.

கந்தக டைஆக்சைடுக்கு இச்சட்டங்கள் நேரடி வரம்பு விதிக்கவில்லை. உயரமான புகைபோக்கிகள் அந்த வாயுவைத் தொலைவுக்குக் கடத்தின. ஸ்காண்டிநேவிய ஏரிகளைப் பாதித்த அமில மழையில் அதற்கும் பங்குண்டு.

இன்றைய நிலை

முந்தைய விதிகள் 1993ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒன்றிணைக்கப்பட்டன. விறகு அடுப்பு மீண்டும் பரவியதால், வீட்டுப் புகையின் நுண்துகள்கள் இப்போது கவனம் பெறுகின்றன. இங்கிலாந்தில் ஈர விறகின் சில்லறை விற்பனை 2021 முதல் கட்டுப்படுத்தப்பட்டது; வீட்டு நிலக்கரி விற்பனை 2023இல் முற்றாக நின்றது. கட்டுப்பாட்டுப் பகுதியில் புகைவிடும் வீட்டாருக்கு அங்குள்ள உள்ளாட்சி மன்றம் 175 முதல் 300 பவுண்டு வரை தண்டம் விதிக்கலாம்.