இடம் காக்கும் சுழி

ஒன்றுக்கும் ஆகாதவள் என்று சொல்ல நினைப்பவர்கள் ‘அவள் பூஜ்ஜியம்’ என்கிறார்கள். கணக்கில் பூஜ்ஜியம் அப்படிப்பட்டதல்ல. 105 என்ற எண்ணின் நடுவிலிருக்கும் சுழியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது 15தான்.

பழந்தமிழ் எண்முறைக்குச் சுழி தேவைப்படவில்லை. பத்துக்கு ௰, நூறுக்கு ௱ எனத் தனிக் குறிகள் இருந்ததால் நூற்றைந்தை ௱௫ என்றே எழுதிவிடலாம். ஓர் இலக்கத்தின் மதிப்பை அது நிற்கும் இடம் தீர்மானிக்கும் முறையில்தான், காலியான இடத்தைக் காக்க ஓர் அடையாளம் வேண்டியிருந்தது. 628இல் பிரம்மகுப்தர் சூன்யத்தை ஓர் எண்ணாகவே கொண்டு, அதைக் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் விதிகள் எழுதினார். குவாலியர் கோட்டையின் சதுர்புஜர் கோயிலில் 876ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. நந்தவனத்தின் 270 முழ அளவிலும், நாள்தோறும் சாத்த வேண்டிய 50 மாலைகளிலும் சுழி சிறு வட்டமாக நிற்கிறது.

நான் படித்த கணினிப் பாடத்தில் எனியாக் இயந்திரத்துக்கு ஒரு பத்தி இருந்தது. உருவாக்கியவர்கள் மாக்லி, எக்கெர்ட். எடை 30 டன். ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள். அதற்குக் கணக்கிடக் கற்றுக்கொடுத்தவர்கள் யார் என்று அங்கே இல்லை.

இரண்டாம் உலகப் போரின்போது ‘கம்ப்யூட்டர்’ என்பது ஒரு வேலையின் பெயர். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பீரங்கிக் குண்டுகளின் பாதையைக் கையால் கணக்கிட்ட பெண்களை அப்படித்தான் அழைத்தார்கள். ஒரு பாதைக்கு 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவர்களிலிருந்து கேத்லீன் மெக்நல்ட்டி, ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான்சஸ் பிலாஸ், ரூத் லிக்டர்மேன் ஆகிய ஆறு பேர் எனியாக்குக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். தொடக்கத்தில் இயந்திர அறைக்குள் நுழைய அவர்களுக்கு அனுமதியில்லை. மின்சுற்று வரைபடங்களைப் பார்த்தே அதைப் படித்தார்கள். நிரல்மொழி என்று ஒன்று பிறக்காத காலம். கம்பிகளைச் செருகியும் சுவிட்சுகளைத் திருப்பியும்தான் நிரல் அமைக்க வேண்டும்.

1946 பிப்ரவரியில் எனியாக் உலகுக்குக் காட்டப்பட்டது. ஜென்னிங்ஸும் ஸ்னைடரும் அமைத்த நிரல், குண்டு பறக்கும் நேரத்தைவிட விரைவாக, சுமார் 20 விநாடியில் அதன் பாதையைக் கணக்கிட்டது. அன்றிரவு நடந்த விருந்துக்கு இந்தப் பெண்கள் அழைக்கப்படவில்லை. 1980களில் ஹார்வர்டில் படித்த கேத்தி கிளைமன், பழைய புகைப்படங்களில் எனியாக் அருகே நிற்கும் பெண்கள் யார் என்று விசாரித்தார். இயந்திரத்தை அழகாகக் காட்ட நிறுத்தப்பட்ட மாடல்கள் என்று பதில் வந்தது. அவர் விடாமல் தேடியதால்தான் இன்று நமக்கு அந்தப் பெயர்கள் தெரியும்.

எனியாக் பத்தடிமான முறையில் இயங்கியது. ஒவ்வொரு இலக்கத்துக்கும் வளையமாகப் பத்து மின்சுற்றுகள், 0 முதல் 9 வரை. சுழியைக் காட்டவும் அதற்குரிய சுற்று ஒன்று விழித்திருக்க வேண்டும். ஒன்றுமில்லை என்பதை வைத்திருக்கவும் மின்சாரம் செலவானது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக எங்கள் வீட்டுக்கு ஒருவர் வந்தார். என்ன வேலை என்று அம்மாவிடம் கேட்டபோது, “சும்மாதான் வீட்ல இருக்கேன்” என்றார் அம்மா. வாசலுக்கு வரும்முன் அடுப்பை அணைத்துவிட்டு, மாவு படிந்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்திருந்தார். நம் நாட்டுக் கணக்கெடுப்பில் வீட்டு வேலை மட்டும் செய்பவர்கள் ‘வேலை செய்யாதோர்’ பட்டியலில்தான் சேர்கிறார்கள். அம்மாவின் பதிலை அன்று நான் திருத்தவில்லை. அடுத்த முறை கேட்டால், அவர் எத்தனை மணிக்கு எழுகிறார் என்பதிலிருந்து தொடங்குவேன்.