மெலிந்த சுருட்டும் அதன் பரீட்சகர்களும்

ஹவானா நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் நடைபெறும் ஒரு காரியம், வெளியிலிருந்து வந்து பார்க்கிறவருக்கு வேலையாகவே தோன்றாது. மாதிரிக்கென்று எடுத்துவைத்த சுருட்டுகளின் முன் சில பேர் உட்கார்ந்து, ஒன்றைப் பற்றவைத்து, அதன் முற்பகுதி எரியும்வரை நிதானமாகப் புகைத்துவிட்டு, சர்க்கரை கலவாத தேநீரால் வாயைச் சுத்தம் செய்துகொண்டு, கையிலுள்ள தாளில் எதையோ குறித்த பின் அடுத்ததை எடுக்கிறார்கள். இழுப்பு எப்படி, நெருப்பு கோணாமல் வட்டமாக இறங்குகிறதா, காரம் எத்தனை, மணம் எத்தகையது, நாவில் நிற்கும் ருசி என்ன என்பவையே அவர்கள் விடை எழுதவேண்டிய கேள்விகள். காத்தாதோர் என்று ஸ்பானிய மொழியில் அழைக்கப்படும் இந்தப் பரீட்சகர்களில் பலர் சுருட்டுச் சுற்றும் மேஜையிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். சுருட்டை ரஸித்து மதிப்பிடுவது பற்றி ஐரோப்பியச் சீமான்கள் எழுதிய நூல்கள் அநேகம் உண்டு. ஆயினும் அந்தக் கலையின் மூலத்தைச் சீமான்களின் சாய்வு நாற்காலியில் தேடுவதைவிட, கூலிக்கு உழைத்தவர்களுடைய நாவிலும் விரல்களிலும் தேடுவதே சரி என்பது என் அபிப்பிராயம். நீண்டு மெலிந்து, காரமும் சுவையும் செறிந்த லான்சேரோ என்னும் ஒரு வகைச் சுருட்டின் சரித்திரம் இதற்குத் தக்க சாட்சி.

கியூபாத் தீவின் மேற்குக் கோடியில் உள்ள பினார் டெல் ரியோ மாகாணத்தில், வூயெல்தா அபாஹோ என்னும் பிரதேசம் இருக்கிறது. அங்கே சான் லூயிஸ், சான் ஹுவான் இ மார்த்தினெஸ் என்ற இரண்டு ஊர்களைச் சூழ்ந்த மணற்பாங்கான செந்நிலத்தில் விளையும் புகையிலைக்கு நிகரான இலை உலகில் வேறெங்கும் விளைவதில்லை என்பது அந்தத் தொழிலில் உள்ளவர்களின் நெடுநாளைய நம்பிக்கை. 1492-ல் கொலம்பஸ் தீவின் உட்பகுதிக்கு அனுப்பிய ரோத்ரிகோ தே ஹெரெஸும் லூயிஸ் தே தோரெஸும், தைனோ மக்கள் இலையைச் சுருட்டிக் கொளுத்திப் புகையை உள்ளிழுப்பதைக் கண்டு வந்து சொன்னார்கள். பழக்கம் கடல் கடந்து பரவிற்று. பரவிய இடமெல்லாம் அதன் பின்னால் அரசாங்கத்தின் கையும் நீண்டது. 1717-ல் ஸ்பானிய அரசு, விளைந்த இலை யாவையும் தானே வைத்த விலைக்குத் தனக்கே விற்கவேண்டும் என்று ஏகபோக உரிமையை ஏற்படுத்திக்கொண்டபோது, புகையிலைக் குடியானவர்கள் ஒரு முறையல்ல, மூன்று முறை கிளர்ந்தெழுந்தார்கள். 1723-ல் நிகழ்ந்த மூன்றாவது கிளர்ச்சியில் பிடிபட்டவர்களைக் கொன்று, மற்றவர்களுக்கு எச்சரிக்கையாக ஹவானாவுக்கு அருகில் ஹெசூஸ் டெல் மோன்தே என்னும் இடத்தில் தொங்கவிட்டார்கள். அந்த உரிமை நீங்குவதற்கு 1817-ம் வருஷம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் பின்புதான் ஹெச். உப்மான், பார்தகாஸ், ரோமியோ இ ஹூலியெதா முதலிய பிரசித்தி பெற்ற பெயர்களெல்லாம் ஒவ்வொன்றாகத் தோன்றின.

இலையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஏனெனில் காரம் என்பதும் மணம் என்பதும் அங்கேதான் பிறக்கின்றன. ஒரே செடியில் அடியிலே இருக்கும் இலை ஒரு குணம், நடுவிலே ஒரு குணம், வெயிலை நேரே வாங்கும் உச்சியிலே ஒரு குணம். அடியிலை வொலாடோ, காரம் குறைவு, ஆனால் நன்றாக எரியும். நடுவிலை செக்கோ, மணத்துக்கு அதுவே ஆதாரம். உச்சியிலை லிஹேரோ, எண்ணெய்ப் பசை மிகுந்து, தடித்து, மெதுவாக எரிந்து, சுருட்டின் காரம் முழுவதையும் தாங்குவது. இவற்றை ஒருசேர அறுப்பதில்லை. அடியிலிருந்து மேலாக, இடையிடையே நாட்கள் விட்டு, ஒவ்வோர் இலையாகக் கையால் கிள்ளுகிறார்கள். மேலே சுற்றும் இலைக்கென்று வளர்க்கும் செடிகளுக்கு மட்டும் மெல்லிய வெள்ளைத் துணியால் பந்தலிட்டு வெயிலை வடிகட்டுகிறார்கள். பிறகு கொட்டகையில் கழிகளில் கோத்துத் தொங்கவிட்டு உலர்த்தி, அடுக்கி அம்பாரமாக்கி, அதன் உள்ளேயே எழும் வெப்பத்தில் பாடமாக விட்டு, மீண்டும் பிரித்து, நனைத்து, மீண்டும் அடுக்கி, கடைசியில் மூட்டை கட்டி வைக்கிறார்கள். மூவகை இலையில் மிக நீண்ட காலம் காத்திருப்பது லிஹேரோ. இரண்டு வருஷமாவது போகாமல் அதன் முரட்டுத்தனம் அடங்குவதில்லை.

இனி மெலிவின் கணக்குக்கு வருவோம். ஓர் அங்குலத்தை 64 பாகமாக்கி, அவற்றுள் இத்தனை பாகம் என்று சுருட்டின் பருமனைச் சொல்லுவது வழக்கம். லான்சேரோவின் எண் 38. அதாவது குறுக்களவு ஏறத்தாழ 15 மில்லிமீட்டர். நீளமோ 192 மில்லிமீட்டர். இக்காலத்தில் பலரும் விரும்பும் ரொபுஸ்தோ என்ற வகை 50 எண்ணும் 124 மில்லிமீட்டர் நீளமும் உடையது. மேலிலையின் கனம் இரண்டுக்கும் ஒன்றே ஆதலால், உள்ளிருக்கும் பூரணத்தோடு ஒப்பிடும்போது மேலிலைக்குள்ள பங்கு மெலிந்த சுருட்டில் ஏறக்குறைய மூன்றிலொரு பாகம் கூடுதலாகிறது. பந்தலின் கீழ் அவ்வளவு பரிவோடு வளர்த்த அந்த இலை பருத்த சுருட்டில் பெரும்பாலும் கண்ணுக்கு விருந்து. மெலிந்ததில் அது நாவோடும் பேசுகிறது.

ஆனால் அதே மெலிவு சுற்றுகிறவனுக்குப் பெரிய சங்கடம். லிஹேரோ மெதுவாக எரிவதால் அது நட்டநடுவில் நிற்கவேண்டும். சிறிது ஒதுங்கினாலும் நெருப்பு ஒரு பக்கமாக ஓடிச் சுருட்டு கோணலாக எரியும். பருத்த சுருட்டில் நடுவுக்கு இடம் தாராளம். இங்கேயோ ஒரு முழு இலைக்கே இடம் போதாது. கொஞ்சம் இறுக்கினால் புகை வராது. கொஞ்சம் தளர்த்தினால் புகை சூடேறிக் கசக்கும். சமையற்காரனுடைய திறமையை விருந்துப் பலகாரத்தைவிட ஒரு கரண்டி ரசம் தெளிவாகக் காட்டிக்கொடுப்பது போலத்தான் இதுவும். தேர்ந்த தொழிலாளிகளிடமே இந்த வகையை ஒப்படைப்பது வழக்கமாயிற்று. அவர்களுக்கு இருக்கும் ஆயுதங்களோ ஒரு மரப்பலகை, சவேதா எனப்படும் பிறை போன்ற தகட்டுக் கத்தி, சிறிதளவு தாவரப் பசை, அவ்வளவே.

இந்தத் தொழிலாளிகளின் கை ஓயாதிருக்கும்போது அவர்களுடைய காது சும்மா இருந்ததில்லை. 1865-ல் எல் ஃபீகரோ என்ற தொழிற்சாலையில், தங்களுள் ஒருவனை உயர்ந்த பீடத்தில் உட்காரவைத்துப் பத்திரிகையும் புத்தகமும் வாசிக்கச் செய்து, அதனால் அவன் இழக்கும் கூலியைத் தாங்களே பகிர்ந்து கொடுக்கும் ஏற்பாட்டை அவர்கள் தொடங்கினார்கள். லா அவுரோரா என்ற தொழிலாளர் பத்திரிகையை நடத்திய சாத்துர்னினோ மார்த்தினெஸ் இதற்குப் பக்கபலமாக நின்றார். அடுத்த வருஷமே அரசாங்கம் வாசிப்பைத் தடை செய்தது. தடை அதிக காலம் நிற்கவில்லை. எழுதப்படிக்கத் தெரியாதவர்களும் நாவல்களைப் பற்றி வாதாடிக்கொண்டு சுருட்டுச் சுற்றிய அந்தக் கூடங்களிலிருந்துதான், நாவலாசிரியர் டூமாவின் கதாநாயகன் பெயரால் மான்டே கிறிஸ்தோ என்னும் சுருட்டு 1935-ல் வந்தது என்று சொல்லுகிறார்கள். அந்தப் பெயரைச் சூட்டிய பெருமை முதலாளிக்கா வாசிப்பைக் கேட்டவர்களுக்கா என்ற வழக்கில், நான் பின்னவர் பக்கம்.

புரட்சிக்குப் பிறகு, 1960-ல் தொழிற்சாலைகள் அனைத்தும் அரசுடைமையாயின. லான்சேரோவின் பிறப்பு அதற்குப் பின்பு. ஃபிடல் காஸ்ட்ரோவே பிற்காலத்தில் ஒரு பேட்டியில் சொன்னபடி, தம்முடைய மெய்க்காவலர்களில் ஒருவர் மிக மணமுள்ள ஒரு சுருட்டைப் புகைப்பதைக் கவனித்து, அது எந்த நிறுவனத்துடையது என்று விசாரித்தார்; அது எந்த நிறுவனத்துடையதும் இல்லை, எத்வார்தோ ரிவேரா என்ற நண்பர் தாமே கலந்து சுற்றித் தந்தது என்று பதில் வந்தது. அந்த ரிவேராவை அழைத்து, ஹவானாவின் மேற்குப் புறநகரில் எல் லகீத்தோ என்னும் பழைய மாளிகையில் வேலைக்கு அமர்த்தினார்கள். ஆட்சித் தலைவரின் சுருட்டுக்குத் தனி இடம் வேண்டும் என்ற யோசனையில் ருசியோடு பயமும் கலந்திருக்கக்கூடும்: காஸ்ட்ரோ விரும்பும் சுருட்டுகளில் கொடிய பொடுலினம் விஷத்தை ஏற்றி அமெரிக்க ஒற்றர் நிறுவனம் ஒரு பெட்டி தயாரித்ததும், அதை 1961 பிப்ரவரியில் ஒருவரிடம் கொடுத்தனுப்பியதும், அமெரிக்க செனட் சபையின் விசாரணைக் குழுவே 1975-ல் வெளியிட்ட செய்தி.

எல் லகீத்தோவைப் பற்றி இன்னொரு விசேஷம் உண்டு. அதுவரை சுருட்டுச் சுற்றுவது பெரும்பாலும் ஆண்களின் வேலை. பெண்கள் இலையின் நடுநரம்பை உரிக்கும் கூடத்தில், இலைகளை மடியில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கியூபாப் பெண்கள் தொடையில் உருட்டிச் சுருட்டுச் செய்கிறார்கள் என்று ஐரோப்பிய யாத்திரிகர்கள் பரப்பிய அபத்தமான கதை இந்தக் காட்சியிலிருந்து கிளம்பியதாகவே இருக்கவேண்டும். எல் லகீத்தோ பெண்களுக்குச் சுற்றும் தொழிலைக் கற்பித்த பள்ளிக்கூடமாகத் தொடங்கிற்று. ஆகவே மிகக் கடினமான வடிவம் என்று பெயர் வாங்கிய மெலிந்த சுருட்டு, அந்தத் தொழிலுக்குப் புதியவர்கள் என்று கருதப்பட்ட பெண்களின் விரல்களில் வளர்ந்தது.

அங்கே பிறந்த லான்சேரோவின் கலவைக்கு, தைனோ மக்களின் சொல்லிலிருந்து எடுத்து, கோயிபா என்று 1966 வாக்கில் பெயரிட்டார்கள். செக்கோ, லிஹேரோ ஆகிய இரண்டு வகை இலைகளையும் வழக்கமான இரண்டு பாடத்துக்கு மேல் பீப்பாய்களில் அடைத்து மூன்றாம் முறையும் பாடமாக்கியது இதன் தனி முறை. காரத்தைக் குறைக்காமல் அதன் கடுமையை மட்டும் கழற்றும் உபாயம் அது. அயல்நாட்டுத் தலைவர்களுக்கும் தூதர்களுக்கும் பரிசாக மட்டுமே போய்க்கொண்டிருந்த சுருட்டு, 1982-ல் கடைக்கு வந்தது. மூன்றாண்டு கழித்து, 1985-ல், காஸ்ட்ரோ புகைப்பதையே நிறுத்திவிட்டார். எதிர்முகாமில், அமெரிக்க ஜனாதிபதி கென்னடியும் மெல்லிய சிறு சுருட்டின் பிரியர்தான். 1962-ல் கியூபாவின் மேல் வர்த்தகத் தடைக்குக் கையெழுத்திடுவதற்கு முன், தம் பத்திரிகைச் செயலாளர் பியர் சாலிஞ்ஜரை அனுப்பி 1,200 பெத்தி உப்மான் சுருட்டுகளைத் திரட்டிக்கொண்டார் என்று சாலிஞ்ஜரே எழுதியிருக்கிறார். ராஜதந்திரத்தின் சரித்திரத்தில் இதைவிட நாணயமான ருசி சாட்சியம் நான் படித்ததில்லை.

லான்சேரோவை எப்படி மதிப்பிடுகிறார்கள்? முதலில் கண். மேலிலை நரம்பு துருத்தாமல், எண்ணெய் மினுக்கோடு, ஒரே நிறமாக இருக்கவேண்டும். தலையில் இலையின் நுனியையே முறுக்கி விட்ட சிறு குடுமி ஒன்று உண்டு. பிறகு விரல்கள்: அடிமுதல் நுனிவரை மெல்ல அழுத்திக்கொண்டு போனால் எங்கே கட்டி, எங்கே பள்ளம் என்று தெரிந்துவிடும். நம் திருச்சிச் சுருட்டு இரு முனையும் திறந்தது. ஹவானாச் சுருட்டின் தலை மூடியிருப்பதால் அதை வெட்டவேண்டும். வெட்டியபின் பற்றவைக்காமலே ஒரு முறை இழுத்துப் பார்ப்பார்கள். இழுப்பு அடைபட்டிருந்தால் பரீட்சை அங்கேயே முடிந்துபோகும், மெலிந்த சுருட்டுகளில் பெரும்பாலானவை தோற்பதும் அங்கேதான். கொளுத்திய பிறகு அவசரம் கூடாது. நிமிஷத்துக்கு ஒரு முறைக்கு மேல் இழுத்தால் குறுகிய குழலில் சூடு ஏறிவிடும். கோயிபாவில் தொடக்கத்தில் பசும்புல்லும் தேனும், நடுவில் காப்பியும் தேவதாருவும், முடிவை நெருங்க நெருங்க மண்ணும் தோலும் மணப்பதாக அனுபவசாலிகள் சொல்லுகிறார்கள். வருணனைகள் இவற்றுக்கும் அப்பால் நீளும்போது அவற்றை நான் நம்புவதில்லை. புகைக்கிறவனுடைய உடம்புக்கு இதனால் நேரும் கேடு அந்தத் தாள்களில் எங்கும் மதிப்பெண் பெறுவதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுவது நியாயம்.

சுருட்டின் மூன்று பகுதிகளை வைக்கோல், தெய்விகம், சாணிக்கரைசல் என்று வேடிக்கையாகப் பிரிப்பது பிரெஞ்சுக்காரரின் பழமொழி. தொழிற்சாலைப் பரீட்சகர்கள் முற்பகுதியோடு நிறுத்திவிடுவதை நினைத்தால், அவர்கள் சான்று கொடுப்பது வைக்கோலுக்கு மட்டும்தானோ என்று ஒரு குறும்பான சந்தேகம் எழும். காரணம் எளியது: ஒரு காலையில் பல சுருட்டுகளைச் சோதிக்கவேண்டிய நாக்கு, ஒன்றையே முடிவுவரை தொடர்ந்தால் மற்றவற்றுக்குப் பயன்படாது. மேலும், இறுக்கமும் கோணலும் கலவைப் பிழையும் முதல் இரண்டு அங்குலத்திலேயே தம்மைக் காட்டிக்கொள்ளும்.

இந்த வடிவத்தின் மேல் உலகத்துக்கு ஆசை மூட்டியவர்களுள் ஜெனிவா நகர வியாபாரி ஸீனோ டேவிடாஃபும் ஒருவர். 1960-களின் இறுதியில் கியூபா அரசோடு உடன்பாடு செய்துகொண்டு, எல் லகீத்தோவிலேயே, அதே 38 எண்ணில், அதே நீளத்தில் தம் பெயர் தாங்கிய சுருட்டைச் சுற்றுவித்தார். தரத்தைப் பற்றிய தகராறு முற்றி, 1989-ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சுருட்டுகளைத் தகுதியற்றவை என்று பகிரங்கமாகக் கொளுத்தி உறவை முறித்துக்கொண்டார். பரீட்சையில் தோற்ற சுருட்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமான தண்டனை அதற்கு முன் கிடைத்ததில்லை.

பின்னர் நாகரிகம் மாறிற்று. 1998-ல் த்ரினிதாத் என்ற பெயரில் கடைக்கு வந்த ஃபுந்தாதோரெஸ், லான்சேரோவின் நீளத்தையும் குடுமியையும் வைத்துக்கொண்டு, பருமனில் மட்டும் இரண்டு எண் ஏறி 40 ஆயிற்று. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பல மெல்லிய அளவுகளைத் தயாரிப்பிலிருந்து நீக்கினார்கள். 2010-ல் கோயிபாவின் மகுடமாக வந்த பெஹீக்கே வரிசையின் எண்கள் 52, 54, 56. பருத்த சுருட்டு குளிர்ச்சியாக எரியும், புகை அதிகம் தரும், சுற்றுகிறவருடைய சிறு பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். வியாபாரத்துக்கு இவை பெரிய அனுகூலங்கள் என்பதை மறுக்க முடியாது. இழுப்பு அடைபட்ட சுருட்டுகளைப் பற்றி வாங்குகிறவர்கள் முணுமுணுத்ததன் பலனாக, மேலிலை சுற்றுவதற்கு முன்பே காற்றை உறிஞ்சி இழுப்பை அளக்கும் கருவிகளும் ஹவானாத் தொழிற்சாலைகளுக்கு வந்து சேர்ந்தன. லான்சேரோ இன்றும் அதே 192 மில்லிமீட்டரில், அதே 38-ல் தயாராகிறது. பரீட்சகர்களின் தாளில் உள்ள ஐந்து கேள்விகளில் கருவி விடை சொல்லக்கூடியது இழுப்பு ஒன்றுக்கு மட்டுமே. மற்ற நான்குக்காகவும் சர்க்கரை கலவாத தேநீர் இன்னும் தயாராகிக்கொண்டுதான் இருக்கிறது.