முட்டைக் காசு

போன ஞாயிறு காலை தெருமுனைக் கடைக்கு முட்டை வாங்கப் போனேன். புனேக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிவிட்டது. இன்னும் ஞாயிறு என்றால் முட்டைக் குழம்புதான். ஒரே வாரத்தில் விலை ஏறியிருந்தது. "என்ன காகா இது?" என்று கேட்டால், "ரேட் மேலேயிருந்து வருது, நான் என்ன பண்ண?" என்கிறார்.

சிரிப்பு வந்தது. ராசிபுரம் பக்கத்தில் எங்கள் அம்மாயி முட்டை விற்ற காலத்தில் 'மேலே' என்று ஒன்று கிடையாது. ஆறு கோழி, ஒரு சேவல், கவிழ்த்து மூட ஒரு பஞ்சாரம். முட்டையெல்லாம் அரிசிப் பானைக்குள். விலையை அம்மாயிதான் சொல்லும். வந்த காசு சுருக்குப் பைக்குள் போனால் அப்புச்சி கூடக் கேட்க முடியாது. என் பத்தாம் வகுப்புப் பரீட்சைப் பணம் அந்தப் பையிலிருந்துதான் வந்தது.

அந்தக் காசு பிறகு யார் கைக்குப் போனது? கொஞ்சம் தேடிப் படித்தேன். அதுதான் இந்தப் பதிவு.

முதலில் நாட்டுக்கோழிக் கணக்கு. பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டதும் கோழி அடைக்கு உட்கார்ந்துவிடும். 21 நாள் அடை. அப்புறம் குஞ்சுகளோடு சில மாதம் திரியும். வருஷத்துக்கு ஐம்பது, அறுபது முட்டை தேறினால் பெரிது. அதிலும் ஒரு பங்கை அடை வைக்க ஒதுக்க வேண்டும். கழிச்சல் வந்துவிட்டால் ஒரே வாரத்தில் பஞ்சாரம் காலி. (இந்த நோயை 1920களின் கடைசியில் குமாவுன் மலையிலுள்ள ராணிக்கேத்தில் கண்டறிந்ததால்தான் அதற்கு ராணிக்கெட் என்று பெயர்.) ஆனால் முதல் என்று பெரிதாக எதுவும் வேண்டாம். தவிடு, சிந்திய தானியம், புழு பூச்சி போதும். முக்கியமாக நிலம் வேண்டாம். அதனால்தான் இது பெண்கள் கையில் இருந்தது.

இந்தச் சின்னத் தொழிலை அன்றைக்கே சிலர் மதித்திருக்கிறார்கள். அப்போது திருவிதாங்கூரில் இருந்த மார்த்தாண்டத்தில் (1956-ல்தான் நம் பக்கம் வந்தது) 1920களில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமச் சீரமைப்பு மையத்தை நடத்தியவர் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர். நாலு முட்டையோடு தனியாகச் சந்தைக்குப் போனால் வியாபாரி சொன்னதுதான் விலை. ஹாட்ச் இரண்டு வேலை செய்தார். வெள்ளை லெகார்ன் சேவல்களைக் கொண்டுவந்து நாட்டுக்கோழிகளோடு சேர்க்கச் செய்தார். முட்டைகளை ஒன்றாகச் சேர்த்து விற்கக் கூட்டுறவு அமைப்பு ஒன்றையும் உண்டாக்கினார். மார்த்தாண்டம் தேன் பேர் வாங்கியதும் இதே மையத்தால்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகும் முட்டை அபூர்வப் பண்டம்தான். 1950-51-ல் நாடு முழுக்க 183 கோடி முட்டை, தலைக்கு வருஷத்துக்கு ஐந்து! 1960களிலிருந்து கலப்பினக் கோழிகள் வர ஆரம்பித்தன. பிறகு கூண்டுப் பண்ணைகள் பெருகின. புதுக்கோழிக்கு அடை உட்காரும் குணமே இல்லாதபடி இனத்தைத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். இன்றைய பண்ணைக் கோழி வருஷத்துக்கு 300 முட்டைக்கு மேல் இடுகிறது. ஆனால் அதற்குக் கலப்புத் தீவனம், தடுப்பூசி, கொட்டகை, பேங்க் கடன் எல்லாம் வேண்டும். கடனுக்குப் பத்திரம் வேண்டும். பத்திரம் பெரும்பாலும் ஆண்கள் பேரில். முட்டைக் காசு சுருக்குப் பையிலிருந்து கணக்கு நோட்டுக்கு மாறியது இப்படித்தான். எங்கள் நாமக்கல் முட்டை ஊரானதும் இந்த வழியில்தான்.

பண்ணைக்காரருக்கும் நிம்மதியில்லை. 1980களின் ஆரம்பத்தில் உற்பத்திச் செலவுக்கும் கீழே விலை போனது. அதை முடிவு செய்தது வியாபாரிகள். பி.வி. ராவ் ஊர் ஊராகப் போய் பண்ணையாளர்களைக் கூட்டிப் பேசி, 1982-ல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவை உருவாக்கினார். 'என் முட்டை, என் விலை, என் வாழ்வு' என்பது அதன் கோஷம். கடைக்கார காகா சொன்ன 'மேலே' இதுதான், தலைமையிடமும் இதே புனேதான்! 2023-24-ல் நாட்டின் உற்பத்தி 14,277 கோடி முட்டை, தலைக்கு 103. சாதனைதான், சந்தேகமில்லை.

ஆனால் அந்தக் கோஷத்தில் வரும் 'என்' யார் என்பதுதான் என் கேள்வி. அம்மாயி அந்தக் கோஷத்தைக் கேட்டதே கிடையாது. ஆனால் அது சொன்னபடியே வாழ்ந்தது.

கதை இதோடு முடியவில்லை. பெங்களூர் வேளாண் பல்கலையின் கிரிராஜா, ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி நிறுவனத்தின் வனராஜா, கிராமப்பிரியா, தனியார் நிறுவனமான கெக்ஃபார்ம்ஸின் குரோய்லர் என்று புறக்கடைக்கென்றே இனங்கள் வந்தன. இவை நாட்டுக்கோழியைப்போல மேய்ந்து தின்னும், அதைவிட இரண்டு மூன்று மடங்கு முட்டையிடும். குரோய்லர் ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒருநாள் குஞ்சுகளை ஒருவர் வாங்கி, தடுப்பூசி போட்டுச் சில வாரம் வளர்த்துத் தருவார். சைக்கிள்காரர்கள் அவற்றைக் கிராமத்துப் பெண்களிடம் கொண்டுபோய் விற்பார்கள். ஆபத்தான குஞ்சுப் பருவம் அதற்குள் தாண்டிவிடும்.

2019 கால்நடைக் கணக்கெடுப்பைப் பார்த்தபோது ஆச்சரியம். 2012-க்குப் பிறகு பண்ணைக் கோழிகள் 4.5 சதவீதம் கூடியிருக்க, வீட்டுக் கோழிகள் கிட்டத்தட்ட 46 சதவீதம் கூடி 31.7 கோடியாகியிருந்தன. மொத்த முட்டையில் அவற்றின் பங்கு இன்னும் ஏழில் ஒன்றுதான் இருக்கும். இருந்தாலும் அம்மாயியின் தொழில் சாகவில்லை.

இதையெல்லாம் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். வீட்டில் இப்போது நாலு கோழி நிற்கிறது. "முட்டை விக்கறியாம்மா?"

"விக்காம?"

"எவ்வளவு வருது?"

"அதையெல்லாம் உன்கிட்டச் சொல்லீட்டிருக்க முடியுமா கண்ணு" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டது.