பட்டறைத் தரையில் சிந்திய வர்ணம்

தாம்பரத்துக்குத் தெற்கே மாடம்பாக்கம் போன்ற புறநகர்களில் கதவும் ஜன்னல் கம்பியும் செய்யும் சிறு பட்டறைகளைக் காணலாம். அப்படி ஒரு பட்டறையைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். இரும்புக் கதவுக்கு மஞ்சள் வர்ணம் பூசிக் கொண்டிருக்கிறார்கள். கால் இடறி டப்பா கவிழ்கிறது. அரை லிட்டர் வர்ணம் தரையில் பரவுகிறது.

"தம்பி, கொஞ்சம் மரத்தூளைக் கொட்டு!" என்று மேஸ்திரி குரல் கொடுக்கிறார். பையன் மரத்தூளைக் கொட்டி அள்ளுகிறான். தின்னரை ஊற்றித் துணியால் துடைக்கிறான். நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிகிறான். ஒட்டிக் கொண்ட கறையை மறுநாள் உளியால் சுரண்டிப் பெருக்குகிறான். கடைசியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிச் சாக்கடையில் தள்ளிவிடுகிறான். தரை பளிச்சென்று ஆகிவிட்டது.

ஆனால் வர்ணம் எங்கே போயிற்று? அது மறைந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அது எங்கெங்கே போகிறது என்பதை மனிதன் கற்றுக்கொண்ட வரலாறு நீண்டது. அதற்கு அவன் கொடுத்த விலையும் பெரிது.

வர்ணத்தில் முக்கியமாக மூன்று பொருள்கள் உண்டு. நிறம் தரும் தூள் ஒன்று. அத்தூளைப் பரப்பின் மேல் பிடித்து வைக்கும் எண்ணெய் அல்லது பிசின் இரண்டாவது. இரண்டையும் இளக்கிப் பூசுவதற்கு ஏற்றதாக்கும் நீர்மம் மூன்றாவது. தரையைத் துடைக்கும்போது இம்மூன்றும் மூன்று வழியாகப் பிரிகின்றன. பிசின் துணிக்குப் போகிறது; நீர்மம் காற்றில் கலக்கிறது; தூள் தரையில் தங்குகிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தானே பற்றும் துணி

பல நூற்றாண்டுகளாக ஐரோப்பிய வர்ணங்களுக்கு அடிப்படையாக இருந்தது ஆளி விதை எண்ணெய். இது தண்ணீரைப் போல ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, கெட்டியான தோலாக மாறுகிறது. அப்போது வெப்பமும் வெளிப்படுகிறது. சுவரில் மெல்லிய படலமாக இருந்தால் அந்த வெப்பம் காற்றில் போய்விடும். சுருட்டிய துணிக்குள் இருந்தால் வெளியேற வழியில்லை. வெப்பம் ஏற ஏற வினை வேகமாகும். வினை வேகமாக ஆக வெப்பம் இன்னும் ஏறும். சில மணி நேரத்தில், தீக்குச்சி எதுவும் இல்லாமலே துணி பற்றிக் கொள்ளும்.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 38 மாடிக் கட்டிடம் ஒன்றில், மரப்பலகைகளை மெருகேற்றும் வேலை நடந்தது. ஆளி எண்ணெய் தோய்ந்த துணிகளை 22-ஆவது மாடியில் அப்படியே விட்டுச் சென்றார்கள். 1991 பிப்ரவரி 23 அன்று இரவு அவை தாமே பற்றி எரிந்தன. அத்தீயில் தீயணைப்பு வீரர்கள் மூவர் உயிர் இழந்தனர்.

இன்று நம் பட்டறைகளில் பயன்படும் 'சிந்தெடிக் எனாமல்' 1920-களில் உருவான ஆல்கைடு பிசினைக் கொண்டது. இதிலும் உலரும் எண்ணெய் சேர்ந்திருப்பதால் ஆக்சிஜனை ஏற்றே கெட்டியாகிறது. ஆகவே பழைய அபாயம் முற்றிலும் நீங்கிவிடவில்லை. எண்ணெய் ஊறிய மரத்தூள் குவியலும் துணியைப் போன்றதே.

தரையில் தவழும் ஆவி

ஒரு காலத்தில் மோட்டார் காருக்கு வர்ணம் பூசி உலர வைக்க வாரக்கணக்கில் ஆயிற்று. முதல் உலகப் போருக்குப் பின் நிலைமை மாறியது. வெடிமருந்துத் தொழிலோடு உறவுடைய நைட்ரோசெல்லுலோஸ் என்னும் பொருளைக் கொண்டு, 1923-இல் டூபாண்ட் நிறுவனம் 'டூக்கோ' என்ற பூச்சைக் கொண்டுவந்தது. அது சில மணி நேரத்திலேயே உலர்ந்தது. ஆனால் அதை இளக்குவதற்கு வெகு விரைவில் ஆவியாகும் நீர்மங்கள் தேவைப்பட்டன. இப்படித்தான் 'தின்னர்' பட்டறைக்குள் நுழைந்தது.

டொலுவீன், அசிட்டோன் முதலியவை கலந்த தின்னரின் ஆவி நம் ஊர் வெப்பநிலையிலேயே தீப்பற்றக் கூடியது. காற்றைவிடக் கனமான அந்த ஆவி மேலே எழாமல் தரையோடு தவழ்ந்து செல்லும். பத்தடி தள்ளி நடக்கும் வெல்டிங்கின் ஒரு பொறி போதும்! மூடிய அறையில் அதை முகர்ந்தால் தலைசுற்றலும் மயக்கமும் வரும்.

தூளின் கதை

எண்ணெய் போயிற்று, ஆவியும் போயிற்று. எஞ்சியிருப்பது தூள். இதுதான் நெடுநாள் பகை.

வெள்ளை வர்ணத்துக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் காரீய வெள்ளையே பயன்பட்டது. காரீயச் சுருள்களையும் காடி நிரப்பிய பானைகளையும் குதிரைச் சாணத்தில் புதைத்து, மாதக்கணக்கில் விட்டு வைத்து அதைத் தயாரித்தார்கள். காரீய வேலை செய்வோரின் முகம் வெளிறிப் போவதை ரோமானியக் கட்டிடக் கலைஞர் விட்ருவியஸ் அன்றே எழுதி வைத்தார்.

நோய் தொழிலாளியோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் காரீய நச்சினால் குழந்தைகள் துன்புற்றனர். நஞ்சு வந்த வழி புலப்படவில்லை. 1904-இல் லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர் அதற்கு விடை கூறினார். வெயிலில் காய்ந்து உதிர்ந்த தாழ்வாரக் கைப்பிடியின் வர்ணத்தூள் குழந்தைகளின் விரல்களில் ஒட்டி வாய்க்குப் போகிறது என்றார். உலகம் இதை முழுமையாக ஏற்கப் பல ஆண்டுகள் ஆயின.

1921-இல் ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு காரீய வெள்ளை பற்றி ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றியது. பழைய பூச்சை உலர்ந்த நிலையில் தேய்ப்பதாலும் சுரண்டுவதாலும் எழும் தூசியிலிருந்து தொழிலாளியைக் காக்க வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. நம் பட்டறைப் பையன் உளியால் சுரண்டிப் பெருக்கினானே, அதைப் பற்றித்தான் நூறாண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருக்கிறார்கள்!

குமரி மணல் தந்த வெள்ளை

காரீய வெள்ளைக்கு மாற்று எது? அதில் நம் கடற்கரைக்கும் பங்கு உண்டு. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து வந்த கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். அத்தேடல் அவரை மணவாளக்குறிச்சிக்கு அழைத்து வந்தது. அவர் நாடியது விளக்குத் திரிவலைக்கு வேண்டிய தோரியம். அந்தக் கருமணலில் இல்மனைட்டும் ஏராளமாக இருந்தது. அதிலிருந்து கிடைப்பதே டைட்டேனியம் டையாக்சைடு என்னும் தூய வெண்தூள். 1916-க்கும் 1920-க்கும் இடையில் அமெரிக்காவிலும் நார்வேயிலும் டைட்டேனிய வெள்ளை தொழில் முறையில் உற்பத்தியாகத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்கு முன் உலகின் இல்மனைட் தேவையில் பெரும் பங்கைத் திருவிதாங்கூர்க் கரையே அளித்தது. 1956 முதல் தமிழ்நாட்டைச் சேர்ந்த குமரி மாவட்டத்தின் மணல், காரீயத்தை வெளியேற்ற உதவியது எனலாம்.

ஆனால் வெள்ளை மட்டுமா வர்ணம்? மஞ்சளுக்குப் பயன்பட்ட காரீயக் குரோமேட்டில் எடையில் ஏறத்தாழ 64 சதவீதம் காரீயமே. அதிலுள்ள குரோமியமும் புற்றுநோய் விளைவிக்கும் வகையைச் சேர்ந்தது. பளபளக்கும் மஞ்சளும் ஆரஞ்சும் சிலவகைப் பச்சையும் இதைக் கொண்டே செய்யப்பட்டு வந்தன.

இந்தியாவில் வீட்டு உபயோக, அலங்கார வர்ணங்களில் காரீயம் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி 2016-இல் வெளியாகி, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதாவது ஒரு கிலோ உலர்ந்த வர்ணத்தில் 90 மில்லிகிராம். நல்ல சட்டம்தான். ஆனால் அது தொழிலகப் பூச்சுகளுக்குப் பொருந்தாது. பட்டறைத் தரையில் சிந்துவதோ பெரும்பாலும் அந்த வகைப் பூச்சு!

சென்னையில் 3 முதல் 7 வயது வரையுள்ள 756 குழந்தைகளை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட முடிவில், இரத்தத்தில் காரீயம் சராசரியாக ஒரு டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம் இருந்தது. காரீயம் மிகுந்த குழந்தைகளிடம் கவனக் குறைவும் பதற்றமும் கூடுதலாகக் காணப்பட்டன. இதற்கு வர்ணம் மட்டும் காரணம் அன்று. 2000-ஆம் ஆண்டு வரை நாட்டில் விற்ற காரீயம் கலந்த பெட்ரோலுக்கும் பங்கு உண்டு. எனினும் பாதுகாப்பான காரீய அளவு என்று ஒன்று இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் கூற்று. விழுங்கிய காரீயத்தைக் குழந்தையின் உடல், பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக ஏற்கிறது. தொழிலாளியின் சட்டையில் ஒட்டிய தூள் அவர் மடியில் ஏறும் குழந்தைக்குப் போய்ச் சேரும்.

சரி, எப்படித் துடைப்பது?

முதலில் வெல்டிங்கை நிறுத்தி, கதவு ஜன்னல்களைத் திறந்து விடுங்கள். மணலைக் கரையாகப் போட்டு வர்ணம் பரவாமல் தடுங்கள். ஈரமாக இருக்கும்போதே தகரத் தகட்டால் வழித்து அள்ளுங்கள். தின்னரைத் தரையில் ஊற்றாமல் துணியில் சிறிது எடுத்துக் கொள்ளுங்கள். துடைத்த துணியையும் மரத்தூளையும் தண்ணீர் ஊற்றிய தகர டின்னில் போட்டு மூடி, வெளியில் வையுங்கள். காய்ந்துவிட்ட கறையைத் தண்ணீர் தெளித்து நனைத்தே சுரண்டுங்கள். உலர்ந்த துடைப்பம் வேண்டாம். வேலை முடிந்ததும் கைகழுவி, சட்டையை மாற்றிக் கொண்டு வீட்டுக்குப் போங்கள்.

முக்கியமாக, எதையும் சாக்கடையில் விடாதீர்கள். எண்ணெயும் பிசினும் நாளடைவில் சிதையலாம். காரீயம் ஒரு தனிமம், அது ஒருபோதும் அழியாது. மாடம்பாக்கத்துக்கு ஓர் ஏரி இருக்கிறது. தெருச் சாக்கடை மழைநாளில் தாழ்ந்த இடத்தைத்தான் தேடிப் போகும். கழிவை மூடிய டின்னில் சேர்த்து வைத்து, அபாயக் கழிவுகளைப் பெறுவோரிடம் ஒப்படைப்பதே முறை.

தரை சுத்தமாயிற்றா என்பதோடு நம் கேள்வி முடியக் கூடாது. சிந்தியது எங்கே போயிற்று என்றும் கேட்க வேண்டும். அதைக் கேட்கத் தெரிந்த மேஸ்திரியிடம் தொழில் கற்கும் பையன் கொடுத்து வைத்தவன்.