அல்விசோக் கழியில் மாரிக்கால மீன்பிடி

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவுக்குள் கோல்டன் கேட் வழியாகப் புகும் ஓதம், தெற்கு நோக்கிச் செல்லச் செல்லத் தணியாமல் உயர்கிறது. வாயிலில் சராசரியாக நான்கு அடி அளவே ஏறி இறங்கும் நீர், தென்கோடியில் சான் ஹோசே நகரத்தின் எல்லைக்குள் அமைந்த அல்விசோவை அடையும்போது ஏழு அடிக்கு மேல் ஏறி இறங்குகிறது. குவாடலூப் ஆறு கடலோடு கலக்கும் உப்பங்கழி அது. கலிபோர்னியாவில் மழை குளிர்காலத்தில்தான் பெய்யுமாதலால், டிசம்பர் முதல் மார்ச் வரை மலையிலிருந்து இறங்கும் செந்நீரும் விரிகுடாவிலிருந்து ஏறும் உவர்நீரும் அங்கே நாள்தோறும் இருமுறை சந்திக்கின்றன. வேனிலில் கழிக்குள் திரியும் சிறுத்தைச் சுறாக்கள் விலகிப் போகும் அந்த மாதங்களில், கலங்கல் நீரைத் தேடித் தெற்கே வருவது வெள்ளை ஸ்டர்ஜன் என்னும் பெருமீன். அதை நாடித் தூண்டிலோடு காத்திருப்போரின் வழக்கத்துக்குப் பின்னே நீண்டதொரு சரித்திரம் உண்டு.

ஆதியில் இப்பிரதேசத்தில் வாழ்ந்த ஒலோனி மக்கள் கோரையைக் கட்டுக்கட்டாகப் பிணைத்து ஓடங்கள் செய்து, கழிகளில் வலை வீசியும் சிப்பி பொறுக்கியும் ஜீவித்தனர். பின்னர் ஸ்பானிய மிஷன்களின் காலம் வந்தது. சாண்டா கிளாரா மிஷனில் மேலாளராயிருந்த இக்னாசியோ அல்விசோ 1838-ல் இந்நிலத்தை மானியமாகப் பெற்றார். 1852-ல் தனி நகரமாகப் பதிவான அல்விசோத் துறையிலிருந்து தோலும் கொழுப்பும் செம்மரமும் கப்பலேறின. அவற்றோடு நியூ அல்மடென் சுரங்கத்தின் பாதரசமும் சென்றது. 1864-ல் சான் ஹோசேக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நேராக ரயில் ஓடத் தொடங்கியதும் துறையின் வியாபாரம் க்ஷீணித்தது. பாதரசத்தின் கதை மட்டும் அதனோடு முடிந்துவிடவில்லை.

கழியின் மீன்பிடியை ஒரு தொழிலாக வளர்த்தவர்களில் சீன மீனவர்களை முதலில் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் விரிகுடாவின் கரைகளில் பல இறால் குப்பங்களை அவர்கள் நிறுவினர். வடக்கே சான் ரஃபேல் அருகிலுள்ள சைனா கேம்ப் அவற்றுள் பேர் பெற்றது. அகன்ற வாயும் குறுகிய வாலும் உடைய பைவலைகளை நீரோட்டத்துக்கு எதிர்முகமாக வரிசையாகக் கட்டிவிடுவார்கள். படகை ஓட்டி வலையை இழுக்கும் பிரயாசை இல்லாமல், ஓதமே இறாலைக் கொண்டுவந்து பைக்குள் சேர்க்கும். ஓட்டம் திரும்புமுன் வலையைத் தூக்கிவிடுவார்கள். பிடித்த கூனி இறாலை உப்புநீரில் வேகவைத்து, மலைச்சரிவில் பரப்பிக் காயவிட்டு, மிதித்தும் புடைத்தும் ஓட்டைப் பிரித்துச் சீனாவுக்கு ஏற்றுமதி செய்தனர். உதிர்ந்த ஓடும் வயலுக்கு உரமாகப் போயிற்று. நம் பழவேற்காட்டு ஏரியின் முகத்துவாரத்தில், ஓட்டம் பாயும் இடத்தில் வலை கட்டி இறால் பிடிப்பதற்குப் 'பாடு' என்னும் முறை வைத்து, சீட்டுப் போட்டு, இன்ன நாள் இன்னார் என்று பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டை அறிந்தவர்களுக்கு, ஓதத்தையே கூலியாளாக்கிக்கொள்ளும் இந்த வித்தை புதிதாகத் தோன்றாது. ஆனால் பழவேற்காட்டு மீனவருக்குத் தம் நீரின்மீது பரம்பரை உரிமை இருந்தது. சீனருக்கோ ஒவ்வொரு சட்டமும் ஒவ்வொரு வேலியாக வந்தது. 1905-ல் உலர்ந்த இறாலின் ஏற்றுமதி தடுக்கப்பட்டது. 1911-ல் பைவலையே விலக்கப்பட்டது. மீன்குஞ்சுகளைக் காப்பதற்காக என்று காரணம் சொன்னார்கள். அக்காலத்தில் சீனர்மேல் நிலவிய துவேஷத்தையும் சேர்த்து எண்ணாமல் அந்தச் சட்டங்களைப் புரிந்துகொள்ள முடியாது என்பதே என் கருத்து.

ஸ்டர்ஜனின் கதையும் அதே காலத்தைச் சேர்ந்தது. உடலில் சாதாரணச் செதில் இல்லாமல், முதுகிலும் விலாவிலும் எலும்புத் தகடுகள் வரிசையிட்டு நிற்க, நீண்ட மூக்கின் கீழே நான்கு மீசைகளால் சேற்றைத் தடவிப் பார்த்து, பல்லில்லாத வாயைக் குழாய்போல் நீட்டி இரையை உறிஞ்சும் இம்மீன் நூறாண்டு வாழவும் கூடியது. பெண்மீன் சினைக்கு வருவதற்கே ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். அதன் பிறகும் ஆண்டுதோறும் முட்டையிடுவதில்லை. இத்தகைய மீனை 1880-களில் சினைக்கும் இறைச்சிக்குமாக வரையறையின்றிப் பிடித்ததால், இருபதாண்டுக்குள் தொழில் பாழாகி, 1901-ல் மூடப்பட்டது. இடையே சிறிது திறந்து பார்த்து, 1917-ல் அறவே தடுத்தார்கள். 1954-ல்தான் தூண்டில்காரருக்கு மட்டும் மறுபடி அனுமதி கிடைத்தது. அப்போதும் பத்தாண்டுக் காலம் சரியான இரை தெரியாமல் திண்டாடினர். 1964-ல் விரிகுடா இறாலைக் குத்திப் போட்டால் ஸ்டர்ஜன் விரும்பி எடுக்கும் என்று கண்டபின், மீன் நிறையப் படத் தொடங்கிற்று. சீனர் வலையில் விழுந்த அதே சிற்றிறால்தான் அது.

இம்மீன்பிடி பொறுமையின் கலை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதங்களும், மழைக்குப்பின் ஆறு கலங்கி வரும் நாட்களும் உகந்தவை. ஓட்டத்தில் இரை அடித்துச் செல்லாதபடி கனமான ஈயக்குண்டு. அது நூலில் தாராளமாக ஓடும்படி கோத்திருக்கும், மீன் இழுக்கும்போது பாரம் அதற்குத் தெரியக் கூடாதல்லவா? இறாலை வாலிலிருந்து தலை நோக்கிக் கொக்கியில் ஏற்றி, உதிராமல் மெல்லிய நூலால் சுற்றிக் கட்டுவார்கள். அத்தனை பெரிய மீன் இரையைத் தொடுவது எள்ளளவு அசைவாகத்தான் கோல் நுனியில் தெரியும்; நுனி மெல்லத் தாழ்ந்து எழும் அந்தக் கணத்தில் அவசரப்பட்டு வெட்டியிழுப்பவன் வெறுங்கொக்கியைத்தான் பார்ப்பான்.

இருபதாம் நூற்றாண்டு இக்கழிக்குச் செய்த கொடுமையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். சதுப்பு நிலத்தைச் சுற்றிக் கரைகட்டி உப்பளமாக்கியதில் ஓதம் உலாவிய பரப்பு பெரும்பாலும் அடைபட்டது. பழ, காய்கறி டப்பா ஆலைகளின் கழிவும் நகரத்தின் சாக்கடையும் நீரின் பிராணவாயுவைக் குடித்தன. கிணறுகள் நிலத்தடி நீரை உறிஞ்சியதில் சான் ஹோசே நகரின் மையம் 13 அடி வரை தாழ்ந்தது. அல்விசோவும் கடல்மட்டத்துக்குக் கீழே அமிழ்ந்தது. 1968-ல் சொற்ப வாக்கு வித்தியாசத்தில் அவ்வூர் சான் ஹோசேயோடு இணைந்தது. 1983 வெள்ளத்தில் மூழ்கியது. படகுத்துறை வண்டலால் தூர்ந்து கோரை மண்டிற்று.

பிறகு நிகழ்ந்தது அபூர்வமானது. 2003-ல் 15,100 ஏக்கர் உப்பளங்களை அரசாங்கங்களும் தரும ஸ்தாபனங்களும் சேர்ந்து கார்கில் நிறுவனத்திடமிருந்து வாங்கின. ஆளற்றுப்போன டிராபிரிட்ஜ் குடியிருப்பின் பக்கத்திலுள்ள பாத்திகளின் கரைகளை 2006-ல் வெட்டி ஓதத்தை உள்ளே விட்டார்கள், 2010-ல் இன்னொரு பாத்தியிலும் விட்டார்கள். அல்விசோவில் புதிய படகு இறங்குதுறையும் அந்த ஆண்டில் திறந்தது. ஓதம் சுமந்து வந்த வண்டல் படிந்து செடி முளைத்தது. இறாலும் சிறுமீனும் பின்தொடர்ந்தன. அழிவின் விளிம்பிலிருக்கும் நீள்துடுப்பு ஸ்மெல்ட் என்னும் சிறுமீன் குளிர்காலத்தில் இக்கழிகளுக்கு வந்து முட்டையிடுவதை டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். மீனை யாரும் கொண்டுவந்து விடவில்லை. வழி திறந்தது, அவ்வளவுதான்.

எனினும் பழங்கணக்கு முற்றிலும் தீரவில்லை. நியூ அல்மடென் பாதரசம் ஆற்று வண்டலோடு இன்னமும் கழிக்குள் வந்து மீனின் தசையில் சேருகிறது. ஆகவே ஸ்டர்ஜனையும் சுறாவையும் ஸ்ட்ரைப்ட் பாஸ் என்னும் கோடுமீனையும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களும் குழந்தைகளும் உண்ணலாகாது என்று மாநிலச் சுகாதார அறிவிப்பு கூறுகிறது. 2022 கோடையில் விரிகுடாவில் பரவிய செம்பாசி நூற்றுக்கணக்கான ஸ்டர்ஜன்களைக் கொன்றது. 2024-ல் இம்மீனை அருகிவரும் உயிரினங்களில் சேர்க்கலாமா என்ற பரிசீலனை தொடங்கியது. அவ்வாண்டு அக்டோபரில், பிடித்தால் விட்டுவிட வேண்டும் என்ற விதி வந்தது.

சான் ஹோசேயிலும் சுற்றுவட்டாரத்திலும் குடியேறியுள்ள தமிழரில் மீன்பிடிப்பிலே ஆசையுள்ளவர்கள் அனேகர். அவர்களுக்கு ஒன்று சொல்வேன்: தை மாதத்துப் பேரோதத்தன்று குழந்தைகளை அல்விசோவுக்கு அழைத்துச் செல்லுங்கள், தூண்டில் போடுவதானால் அன்றைய விதியைப் பார்த்துக்கொண்டு, முள்ளில்லாத ஒற்றைக் கொக்கியையே போடுங்கள், ஸ்டர்ஜன் பட்டால் நீரைவிட்டுத் தூக்காமலே கொக்கியைக் கழற்றி அனுப்பிவிடுங்கள்.